குளத்தில் தண்ணீர் இருக்கு, கடைமடைக்கு வரல: கேம்பர் வேனில் கரண்ட் பழுதைத் தேடுவது எப்படி

உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்குச் சற்றுத் தள்ளி வேனை நிறுத்தியிருந்தோம். ராத்திரி எட்டரை மணி இருக்கும். ஃபிரிட்ஜ் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கொடுத்தது, மோட்டார் இரண்டு மூச்சு இழுத்தது, நின்றது. அரை நிமிஷம் கழித்து மறுபடியும் டிக், இரண்டு மூச்சு, அமைதி. உள்ளே தோசை மாவு, அன்று காலையில் வாங்கிய சீலா மீன், அம்மாவின் இன்சுலின். மாவும் மீனும் போனால் போகட்டும். இன்சுலினுக்கு ஐஸ் தேடி மச்சினன் ஊருக்குள் ஓடினான்.

நான் மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் கருவி) எடுத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட். ஃபிரிட்ஜுக்குப் போகும் பிளக்கைக் கழற்றி அதில் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் 12.6. ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் ஃபிரிட்ஜ்தான் போச்சு என்று முடிவு கட்டி, பாளையங்கோட்டையில் எனக்கு வயரிங் சொல்லிக்கொடுத்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். புது ஃபிரிட்ஜ் எது வாங்கலாம் என்று கேட்கத்தான்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, 12.6-ன்னு சொல்லுதிய. அது ஓடும்போது பாத்ததா, சும்மா நிக்கும்போது பாத்ததா?”

நிற்கும்போது பார்த்ததுதான். வேனில் கரண்ட் பழுது தேடுகிற புதியவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுகிற இடம் இதுதான். நானும் விழுந்தேன். அண்ணாச்சி கேட்ட அந்த ஒரு கேள்வி புரிந்துவிட்டால், பாதிப் பழுதுகளை மெக்கானிக் இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

வேனுக்குள் இரண்டு கரண்ட்

எங்கள் வண்டி ஒரு பழைய டிராவலர் வேன். பின்னால் இரண்டு கட்டில், ஒரு ஃபிரிட்ஜ், தண்ணீர்ப் பம்பு, ஃபேன், எல்.ஈ.டி. விளக்குகள், கூரையில் ஒரு சோலார் பேனல். (வண்டியின் உடம்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.) சின்னதோ பெரியதோ, இப்படிப்பட்ட எந்த வண்டியிலும் இரண்டு வகைக் கரண்ட் உண்டு.

ஒன்று 12 வோல்ட், பேட்டரியிலிருந்து வருவது. விளக்கு, பம்பு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் ஓடும். இதைத் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் பிளஸ்ஸையும் பாடியையும் ஒரு ஸ்பேனர் சேர்த்துத் தொட்டுவிட்டால், வெல்டிங் பட்டறையில் பறக்கிற மாதிரி பொறி பறக்கும். கையில் மோதிரம் போட்டிருந்தால் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். சார்ஜ் ஏறும் பேட்டரிப் பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது. அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும்.

இன்னொன்று 230 வோல்ட், வீட்டில் இருக்கும் அதே கரண்ட். இன்வெர்ட்டர் போட்டு வரவழைப்போம், அல்லது நிறுத்தும் இடத்தில் லைன் இழுத்து வாங்குவோம். இது ஆளைக் கொல்லும். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை நாம் பேசுவதெல்லாம் 12 வோல்ட்தான்.

பேட்டரியும் இரண்டு இருக்கும். ஒன்று இன்ஜினுக்கு, செல்ஃப் எடுக்க. மற்றொன்று வீட்டுச் சாமான்களுக்கு. இன்ஜின் ஓடும்போது ஒரு ரிலே இரண்டையும் சேர்த்துவிடும், நின்றதும் பிரித்துவிடும். ராத்திரி முழுக்க ஃபேன் ஓடினாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதற்காக இந்த ஏற்பாடு.

கடைமடைக்காரர் கணக்கு

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்த யாருக்கும் ‘கடைமடை’ என்ற சொல்லைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். அணையில் தண்ணீர் கிடக்கும், கால்வாய்த் தலைப்பில் திறந்தும் விட்டிருப்பார்கள், ஆனால் கடைசி வயல்காரருக்கு வந்து சேராது. காரணம் அணையில் இல்லை, வயலிலும் இல்லை. நடுவில் எங்கோ அமலைச் செடி அடைத்திருக்கும், அல்லது கரை சரிந்து வாய்க்கால் குறுகியிருக்கும்.

வேனின் 12 வோல்ட் பழுதுகளில் பெரும்பகுதி கடைமடைப் பிரச்சினைதான். பேட்டரி நன்றாக இருக்கும், சாமானும் நன்றாக இருக்கும். நடுவழியில் ஓரிடம் அடைத்திருக்கும்.

வோல்ட் என்பது நீர்மட்டம். ஆம்பியர் என்பது ஓடுகிற தண்ணீரின் அளவு. ஓம் என்பது வழியில் இருக்கும் அடைப்பு. இந்த மூன்றுக்கும் உள்ள உறவு ஒரே பெருக்கல்: இழக்கும் வோல்ட் = ஓடும் ஆம்பியர் × அடைப்பின் ஓம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைசி மடையை மூடி வைத்திருக்கும்போது வாய்க்காலைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் ஓடாது, தேங்கி நிற்கும். நடுவில் அமலை எவ்வளவு அடைத்திருந்தாலும், கசிந்து கசிந்து கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அந்த நேரம் போய் மட்டத்தை அளந்தால், ‘தலைப்பில் இருக்கிற அதே மட்டம் இங்கேயும் இருக்கே, வாய்க்கால் சுத்தமாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிடுவோம். மடையைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டால்தான் குட்டு வெளிப்படும். அடைப்புக்கு மேலே மட்டம் நிற்கும், கீழே சடாரென்று இறங்கும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு நான் பார்த்த 12.6 அந்தத் தேங்கிய தண்ணீர்தான். மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவு. சுழியத்தோடு பெருக்கினால் விடை சுழியம், அடைப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. ஐம்பது இழை இருக்க வேண்டிய கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12.6 என்றே காட்டும். அந்த ஒற்றை இழையில் ஃபிரிட்ஜ் ஓடாது.

பலருக்குப் பிடித்த ‘பீப்’ சோதனைக்கும் இதே கதி. மீட்டரை கன்டினியூட்டியில் வைத்து வயரின் இரு முனைகளையும் தொட்டால் பீப் அடிக்கும். சாதாரண மீட்டர்கள் முப்பது, ஐம்பது ஓம் வரைக்கும் பீப் அடித்துவிடும். ஐந்து ஆம்பியர் ஓடும் வயரில் அரை ஓம் அடைப்பு இருந்தாலே இரண்டரை வோல்ட் காலி. அந்த அரை ஓமுக்கும் மீட்டர் சந்தோஷமாக பீப் அடிக்கும். வயர் முழுசாக அறுந்ததா என்று பார்க்கத்தான் பீப் உதவும். நோஞ்சானாகிவிட்டதா என்று அது சொல்லாது.

ஹெட்லைட் பல்பு வைத்தியம்

உவரிக்குத் திரும்புவோம். ஃபிரிட்ஜ் இரண்டு மூச்சில் நின்றுவிடுவதால், ஓடும்போது அளக்கவே நேரம் கிடைக்கவில்லை. அது ஏன் நிற்கிறது என்பதும் அப்புறம்தான் புரிந்தது. பேட்டரி சாகாமல் இருக்க, வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் 12 வோல்ட் ஃபிரிட்ஜ்கள் தாமாகவே நின்றுகொள்ளும். மோட்டார் இழுக்கும்போது வோல்ட் விழுகிறது, ஃபிரிட்ஜ் பயந்து நிற்கிறது. நின்றதும் வோல்ட் பழைய மட்டத்துக்கு வருகிறது, ஃபிரிட்ஜ் தைரியம் வந்து மறுபடி முயல்கிறது. இந்த டிக்-டிக் விளையாட்டு கேட்டாலே வழியில் அடைப்பு என்று முதலில் சந்தேகப்படலாம்.

“பழைய ஹெட்லைட் பல்பு ஏதும் கிடக்கா?” என்றார் அண்ணாச்சி. கிடந்தது. எல்லா டிரைவர்களும் ஒரு உபரி பல்பு வைத்திருப்பார்கள். 55 வாட் ஹாலஜன் பல்பு 12 வோல்டில் சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும், ஏறத்தாழ ஒரு ஃபிரிட்ஜ் மோட்டார் அளவு. ஃபிரிட்ஜைக் கழற்றி அந்த இடத்தில் பல்பை மாட்டச் சொன்னார். பல்புக்கு பயம் கிடையாது, வோல்ட் குறைந்தாலும் எரிந்துகொண்டே இருக்கும். நாம் நிதானமாக அளக்கலாம். ஒன்று மட்டும், அது கொதிக்கும். துணியிலோ பிளாஸ்டிக்கிலோ படாமல் ஒரு எவர்சில்வர் தட்டில் வையுங்கள்.

பல்பு எரிந்தது, ஆனால் வெள்ளையாக இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மஞ்சளாக அழுதது. மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே பாதி பதில் கிடைத்துவிட்டது.

இனி அளவுகள். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது பேட்டரி முனைகளில் 12.4. பல்பின் முனைகளில் 10.3. நடுவில் 2.1 வோல்ட் காணோம். இதில் பிளஸ் பக்கம் எவ்வளவு, மைனஸ் பக்கம் எவ்வளவு?

இதற்கு மீட்டரைக் கொஞ்சம் வேறு மாதிரி வைக்க வேண்டும். வழக்கமாக ஒரு கம்பியை பிளஸ்ஸிலும் இன்னொன்றை மைனஸிலும் வைப்போம். இப்போது இரண்டு கம்பியையும் ஒரே பக்கத்தில் வைக்கிறோம்: சிவப்பு பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பு பல்பின் பிளஸ்ஸில். ஒரே வாய்க்காலின் தலைப்புக்கும் கடைக்கும் மட்டம் எவ்வளவு வித்தியாசம் என்று நேரடியாகக் காட்டும். நல்ல வயரானால் ஒன்றுமே இருக்கக் கூடாது என்றில்லை, கொஞ்சம் இருக்கும். எங்களுக்கு 0.4 வந்தது. சுமார்தான், ஆனால் குற்றவாளி அது இல்லை. அடுத்து பல்பின் மைனஸிலிருந்து பேட்டரியின் மைனஸுக்கு: 1.7.

திருடன் மைனஸ் பக்கம் இருந்தான். பேட்டரி முன் சீட்டுக்கு அடியில், ஃபிரிட்ஜ் பின்னால் என்றால் மீட்டர் கம்பி எட்டாது. நாலு மீட்டர் சாதா வயர் ஒன்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு, அதைப் பேட்டரி மைனஸில் மாட்டி இழுத்துக்கொண்டே போகலாம். மீட்டருக்கு மட்டும் அது பயன்படுவதால் எவ்வளவு மெல்லிய வயரானாலும் பரவாயில்லை.

திரும்பி வரும் பாதை

இங்கேதான் வாய்க்கால் உவமை கொஞ்சம் நொண்டும். தண்ணீர் வயலில் தங்கிவிடும். கரண்ட் தங்காது, போன அளவு அப்படியே பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். திரும்பும் பாதையில் அடைத்தாலும் போகும் பாதையில் அடைத்த அதே விளைவுதான். புதியவர்கள் பிளஸ் வயரை மட்டும் தடவித் தடவிப் பார்ப்பார்கள், மைனஸை மறந்துவிடுவார்கள். நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் எதற்கெடுத்தாலும் “எர்த் பாரு” (மைனஸ் இணைப்பைப் பாரு) என்று சொல்வது சும்மா இல்லை.

வண்டிகளில் திரும்பும் பாதைக்குத் தனி வயர் இழுக்காமல், வண்டியின் இரும்பு உடம்பையே வயராகப் பயன்படுத்துவது வழக்கம். பக்கத்தில் எங்காவது ஒரு போல்ட்டில் மைனஸை முறுக்கிவிடுவார்கள். இரும்பு அகலமானது, தாராளமாகக் கடத்தும். பிரச்சினை அந்த போல்ட்டில். அடியில் பெயின்ட் இருக்கும், சேறு தெறிக்கும், துரு ஏறும். உவரி, கூடங்குளம், இடிந்தகரை என்று கடற்கரையோரம் அடிக்கடி நிற்கிற வண்டியானால் கேட்கவே வேண்டாம், வயர் முனையில் இருக்கும் செம்பு வளையமான லக்கை உப்புக்காற்று பச்சை பூக்க வைத்துவிடும்.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். ஃபிரிட்ஜுக்கு நேர் கீழே சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒரு போல்ட். வெளியே பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது, அசைத்தாலும் ஆடவில்லை. மீட்டரின் ஒரு கம்பியை லக்கின் மேல் வைத்து, இன்னொன்றால் சேஸின் பெயின்டைக் கீறிக் குத்தினேன். ஒரு விரல் அகலம்தான் இடைவெளி. மீட்டர் 1.6 காட்டியது. காணாமல் போன 2.1 வோல்டில் 1.6 அந்த ஒரு போல்ட்டில் உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு. நாலரை ஆம்பியருக்கு 1.6 வோல்ட் என்றால் ஏழு வாட், அவ்வளவும் சூடாகப் போகிறது. கடல்காற்றில் சுற்றிலும் குளிர்ந்த இரும்பு, இந்த ஒரு போல்ட் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி.

கழற்றினேன். லக்கின் அடிப்பக்கம் முழுக்கப் பச்சை, சேஸ் பக்கம் துருப்பொடி. உப்புத்தாள் போட்டு இரண்டு பக்கமும் பளபளவென்று வரும்வரை தேய்த்து, ஸ்பிரிங் வாஷரோடு இறுக்கி, மேலே வாஸலின் அப்பினேன். (முதலில் இறுக்க வேண்டும், அப்புறம்தான் வாஸலின். அது தண்ணீர் புகாமல் தடுக்க, கரண்ட் கடத்த இல்லை.) மேலே ஏறுவதற்கு முன்பே மச்சினன் கத்தினான்: “அத்தான், வெள்ளையா எரியுது!”

பல்பில் இப்போது 11.8. ஃபிரிட்ஜை மாட்டினோம். டிக், அப்புறம் நிற்காத உறுமல்.

வயர் தடிமன்

மிச்சமிருந்த அந்த 0.4 வோல்ட் பற்றி. அது பழுது இல்லை, எங்கள் கஞ்சத்தனம். பிளஸ்ஸுக்கு வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரை இழுத்திருந்தோம். அந்த வயர் மீட்டருக்கு ஏறக்குறைய 13 மில்லி ஓம் தடுக்கும். ஆறு மீட்டர் ஓடினால் 0.08 ஓம், நாலரை ஆம்பியருக்கு 0.36 வோல்ட். கணக்கு சரியாகவே இருக்கிறது. வீட்டில் 230 வோல்டில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது, 12 வோல்டில் நூற்றுக்கு மூன்று. அதனால் வீட்டு வயரிங்காரர் சொல்லும் தடிமனை வேனுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபிரிட்ஜுக்கு நாலு ஸ்கொயராவது போட்டிருக்க வேண்டும். பிறகு போட்டோம்.

இன்வெர்ட்டருக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். 1000 வாட் சாமானை 230 வோல்டில் ஓட்டினால் நாலே கால் ஆம்பியருக்குச் சற்று மேல். அதே 1000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க 83 ஆம்பியர் வேண்டும், இன்வெர்ட்டரின் சேதாரத்தையும் சேர்த்தால் தொண்ணூறைத் தாண்டும். அந்த ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு ஓம் அடைப்புகூட ஒரு வோல்டைத் தின்னும், தொண்ணூறு வாட் சூட்டைக் கக்கும். இன்வெர்ட்டர் ‘லோ பேட்டரி’ என்று கத்தினால் உடனே பேட்டரியைத் திட்டாதீர்கள். லோடு ஓடும்போது பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் அளந்து பாருங்கள். கேபிள் சுண்டுவிரல் தடிமனாவது இருக்க வேண்டும், நீளம் முடிந்தவரை குறைவாக. காபிக்கு வெந்நீர் வைக்க எலக்ட்ரிக் கெட்டில் கொண்டுவருகிற சொந்தக்காரர்களை அன்பாகத் திருப்பி அனுப்பலாம்.

பேட்டரியே காரணமானால்

எப்போதும் வாய்க்கால்தான் குற்றவாளி என்றில்லை. சில வருஷம் அணையே வற்றிவிடும்.

லெட்-ஆசிட் பேட்டரியை சார்ஜும் இல்லாமல் லோடும் இல்லாமல் இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் அதன் நிலை தெரியும். 12.6, 12.7 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 பாதி. 11.9-க்குக் கீழே ஏறக்குறைய காலி. இந்த வகைப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். அதனால் பேட்டரியின் கொள்ளளவு 150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் 75 என்றே மனக்கணக்கு போடுங்கள். நன்றாக நிறைந்து 12.6 காட்டி, ஒரு ஹெட்லைட் பல்பு மாட்டிய சில நிமிஷத்திலேயே பேட்டரி முனையிலேயே பதினொன்றுக்கு இறங்கினால், பேட்டரிக்கு வயசாகிவிட்டது. லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்குகள் செல்லாது. அது கடைசிவரை ஏறக்குறைய ஒரே வோல்டைக் காட்டிக்கொண்டிருந்து, திடீரென்று கையை விரித்துவிடும்.

சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பது சுலபம். இன்ஜினை ஓட்டி, வீட்டுப் பேட்டரியில் அளவு பாருங்கள். 13.8-லிருந்து 14.4 வரை வந்தால் டைனமோவிலிருந்து வருகிறது. 12.4-லேயே நின்றால் நடுவில் இருக்கும் ரிலே சேரவில்லை, அல்லது அதன் ஃபியூஸ் போயிருக்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் டைனமோ தன் இஷ்டத்துக்கு வோல்டைக் கூட்டிக் குறைக்கும். அவற்றுக்கு ரிலே போதாது, தனிச் சார்ஜர் வேண்டும்.

சோலார் நம்பிக் குற்றாலம் சீசனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன், ஜூலையில் அங்கே சாரலுக்காகத்தான் போகிறோம், சாரல் என்றால் மேகம். போதாததற்கு நிழல் தேடி மரத்தடியில் வேறு வண்டியை நிறுத்துவோம். பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே வரத்து பாதியாகக் குறைந்துவிடலாம். போன சீசனில் மூன்றாம் நாள் ராத்திரி எங்கள் ஃபேன் நின்றது. நான் மீட்டரோடு ஒரு மணி நேரம் சுற்றினேன், பழுதே இல்லை. வரவைவிடச் செலவு அதிகம், அவ்வளவுதான்.

யாரும் இல்லாதபோது பேட்டரி தானாக இறங்கினால், எங்கோ கசிவு. பெரும்பாலும் அணைக்க மறந்த இன்வெர்ட்டர்தான். எதையும் ஓட்டாமல் சும்மா ஆனில் கிடந்தாலே சில இன்வெர்ட்டர்கள் ஒரு ஆம்பியர் வரை தின்னும், நாளுக்கு 24 ஆம்பியர்-மணி. மீட்டரை ஆம்பியரில் வைத்து, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, முனைக்கும் அந்த வயருக்கும் நடுவில் மாட்டி, ஒவ்வொரு ஃபியூஸாக உருவிப் பார்த்தால் எதை உருவும்போது அளவு விழுகிறதோ அங்கே கசிவு. பார்த்து முடித்ததும் மீட்டரின் சிவப்புக் கம்பியை ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் நேரடி ஷார்ட். என் முதல் மீட்டர் அப்படித்தான் போனது.

ஃபியூஸ் யாருக்குக் காவல்?

சாமானுக்கு என்று நினைப்போம். இல்லை, வயருக்கு. வயர் தாங்கும் அளவைவிட அதிகம் ஓடினால் வயர் தீப்பிடிக்கும், அதற்கு முன்னால் ஃபியூஸ் தன் உயிரைக் கொடுக்கும். அதனால் அது பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஃபியூஸ் வைத்துவிட்டு, நடுவில் ஆறு மீட்டர் வயரைக் காவல் இல்லாமல் விடுவது வாசலைத் திறந்துபோட்டு அடுக்களையைப் பூட்டுகிற கதை.

கத்தி ஃபியூஸ்களுக்கு நிறம் உண்டு: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். நீலம் போனால் நீலம்தான் போட வேண்டும். கையில் இல்லை என்று பச்சையைச் செருகுவதோ, சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளைச் சுற்றுவதோ வண்டியைக் கொளுத்துகிற வேலை. மாற்றிய ஃபியூஸ் உடனே மறுபடி போனால் பெரும்பாலும் வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. தகடு துளைத்துப் போகும் இடங்களையும் சீட் கால்களுக்கு அடியையும் முதலில் பாருங்கள். ஃபியூஸ் போகாமல் அதன் பிளாஸ்டிக் மட்டும் உருகியிருந்தால் அது வேறு நோய்: ஹோல்டர் லூஸ். உவரி போல்ட் சூடான அதே காரணம்.

230 வோல்ட்: பார்க்கலாம், தொட வேண்டாம்

நிறுத்தும் இடத்தில் கடைக்காரரிடம் கேட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் லைன் வாங்குவது நமக்குச் சகஜம். அந்தப் பாக்ஸில் மூன்று துளை இருக்கும், ஆனால் எர்த் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது, அல்லது இரண்டு பின் பிளக்கில் போய் முடியும். வேனுக்குள் ஏதோ ஒரு சாமானில் கசிவு வந்தால் அந்தக் கரண்ட் வண்டியின் உடம்புக்கு ஏறும். டயர் ரப்பர், தரைக்கு இறங்க வழியில்லை. முழு வண்டியும் 230 வோல்டில் காத்துக்கொண்டு நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அவர்களும் அதே மட்டத்தில் இருக்கிறார்கள். அருவியில் குளித்துவிட்டு ஈரக் காலோடு தரையில் நின்று கதவுக் கைப்பிடியைத் தொடுகிறவர்தான் அந்த வழி.

அதனால் லைன் மாட்டியதும் செருப்போடு, காய்ந்த கையோடு, டெஸ்டரை வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்பில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் வண்டியைத் தொடாமல் கடைக்காரரின் சுவிட்சிலேயே அணைத்து, பிளக்கை உருவுங்கள். டெஸ்டர் எரியாவிட்டாலும் யாராவது “கைப்பிடி லேசா சுர்ருங்குது” என்று சொன்னால் அதே வேலைதான். அந்தச் சுர்ரு ஈரக் காலுக்குச் சுர்ரோடு நிற்காது. லைன் நுழையும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போட்டு, அதன் டெஸ்ட் பொத்தானை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். ‘டக்’ என்று விழ வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாகவே வைத்து ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடு தங்கி உறை உருகும். முழுக்க அவிழ்த்துப் போடுங்கள்.

230 பக்கம் எதையும் திறக்கும் முன் வெளி லைனை உருவுவது மட்டும் போதாது, இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். லைனை உருவியதும் தானாக ஆன் ஆகிற இன்வெர்ட்டர்கள் உண்டு. இந்தப் பக்கத்தை நானே திறப்பதில்லை. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன்.